ஆடு நுழைகிற வழி

ஒரே ஒரு ஊர். அந்த ஊருக்கு ஒரு ராஜா. ராஜாவுக்கு ஒரு அரண்மனை, அரண்மனைக்கு ஒரு அடுக்களை, அடுக்களையில் வரிசையாக அடுப்புகள், கடைசி அடுப்புக்கு முன்னால் ஒரு ஆள். நம் கதை ராஜாவைப் பற்றியது இல்லை. அந்தக் கடைசி ஆளைப் பற்றியது.

அவன் பேர் சாத்தையன். அவன் ரசம் கொதித்தால் தெருவில் போகிறவன் நின்று மூக்கை உயர்த்துவான். ஆனால் அடுக்களைக்கு ஒரு மணியக்காரர் இருந்தார். உப்பைக்கூட அவர்தான் அளந்து கொடுப்பார். ஒருநாள் குழம்பில் புளி தூக்கல் என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் சாத்தையன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கித் தரையில் எறிந்தார்.

சாத்தையன் குனிந்து கரண்டியை எடுத்தான். எடுத்தவன் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. வாசல் பக்கம் திரும்பினான்.

நேராக அவன் போனது நாச்சியம்மையின் மடத்துக்கு.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு கூடம், ஒட்டினாற்போல ஒரு அடுக்களை, கிணறு, சுற்றிலும் வேலி. நாச்சியம்மை சாத்தையனைவிட வயதில் இளையவள். அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளைத் தாயே என்பான். அவள் குரு, அவன் சீடன். இதில் இரண்டு பேருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

"தாயே, அரண்மனை வேலையை விட்டுட்டேன்."

"அப்படியா."

"இனிமே தனித் தொழில். கல்யாணமோ காதுகுத்தோ, கூப்பிட்ட வீட்டுக்குப் போய்ச் சமைப்பேன். பிடிக்கலைன்னா போகமாட்டேன். நினைச்சா எழுந்திருப்பேன், நினைச்சா தூங்குவேன். எனக்கு நானே எஜமான்."

"அப்படியா."

"ஏன் இப்படின்னு கேட்க ஒரு ஆள் கிடையாது, தாயே."

அம்மை விறகுக் குவியலைப் பார்த்தாள்.

"விறகு பிளக்கணும் அண்ணே. இப்ப நினைச்சிருக்கீங்களா, இல்லை அப்புறம் நினைப்பீங்களா?"

சாத்தையன் சிரித்துக்கொண்டே கோடரியை எடுத்தான்.

ஊர் வேறு மாதிரி நினைத்தது. பக்கத்து வீட்டு மாடசாமி சந்தைக்குக் கிளம்பும்போது தன் எருமையைக் கொண்டுவந்து சாத்தையன் வீட்டு முன்னால் கட்டினார்.

"நீ சும்மாதானே இருக்கே சாத்தையா. ஒரு கண்ணு பார்த்துக்கோ."

மாமியார் ஊரிலிருந்து வந்தாள். பகலில் மருமகன் வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?" என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டாள். இன்னும் சிலர் பெருமூச்சு விட்டார்கள். "உனக்கென்னப்பா, கேட்க ஆள் இல்லாதவன்." இந்தக் கடைசிப் பேச்சு மட்டும் சாத்தையனுக்குப் பிடித்திருந்தது. அதற்காக எருமையைக்கூடப் பார்த்துக்கொண்டான்.

அந்த ஊரில் சமையலுக்கு ஆள் பேச ஒரு முறை உண்டு. கல்யாண வீட்டார் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார்கள். சமையல்காரர் உடனே எடுக்கமாட்டார். முதலில் அந்த வீட்டு அடுக்களைக்குள் போய், அங்கே என்ன இருக்கிறதோ அதை வைத்து ஏதாவது ஒன்று சமைத்து வீட்டார் எல்லோருக்கும் கொடுப்பார். கைமணம் காட்டுவது என்று அதற்குப் பேர். அதன் பிறகு வெற்றிலையை எடுத்துக்கொண்டால் பேச்சு முடிந்தது.

எடுத்த வெற்றிலையைத் திருப்பவே கூடாது என்று இல்லை. திருப்பலாம். ஆனால் புது வெற்றிலை பறித்துக்கொண்டு, பட்டப்பகலில் அந்த வீட்டு வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, "சொன்ன சொல்லை என்னால் காப்பாற்ற முடியவில்லை" என்று சொல்லித் திருப்ப வேண்டும். அதனால் யாரும் திருப்புவதில்லை.

ஆவணி பிறந்ததும் பாய்க்காரத் தெருவிலிருந்து வீரபத்திரன் வந்தார். கோரைப்பாய் முடைகிறவர். மகள் பூவாயிக்குக் கல்யாணம்.

"நீங்க எங்க வீட்டுக்கெல்லாம் வருவீங்களான்னு எங்க தெருவுல சிரிச்சாங்க. கேட்டுத்தான் பார்ப்போமேன்னு வந்தேன்" என்றார்.

சாத்தையன் போனான். அந்த வீட்டில் கொள்ளும் மிளகும் பூண்டும் இருந்தன. கொள்ளு ரசம் வைத்தான். பூண்டைத் தணலில் சுட்டு, தோலோடு நசுக்கி, இறக்குகிற நேரத்தில் போடுவது அவன் பழக்கம். மணியக்காரர் இருந்தவரை அதற்கு இடம் இல்லை. வேறு யாரும் அப்படிச் செய்வதும் இல்லை. பூவாயி இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்துவிட்டு, அம்மா பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு, மூன்றாவது தடவையும் கிண்ணத்தை நீட்டினாள். வீரபத்திரன் தட்டை நீட்டினார். சாத்தையன் வெற்றிலையை எடுத்துக்கொண்டான்.

கொஞ்ச நாள் கழித்து உப்பு மண்டி வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெரிய வீடு. அங்கேயும் கல்யாணம். அதே நாள், அதே முகூர்த்தம்.

முடியாது என்று சொல்லத்தான் சாத்தையன் வாயெடுத்தான்.

"அரண்மனையிலிருந்து எல்லாரும் வர்றாங்க" என்றான் வந்தவன். "உங்க பழைய மணியக்காரர் முதல் பந்தியிலயே உட்காருவார்."

சாத்தையனுக்குத் தரையில் விழுந்த கரண்டியின் சத்தம் காதில் கேட்டது. மணியக்காரர் இலைக்கு முன்னால் குனிந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் ரசம் என்று கையை நீட்டுகிறார். நிமிர்ந்து பார்க்கிறார், ஊற்றுகிறவன் சாத்தையன்!

அன்றைக்கே போய்க் கைமணம் காட்டினான். வெற்றிலையை எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். 'யாருக்குச் சமைக்கிறது, யாருக்குச் சமைக்காம இருக்கிறதுன்னு முடிவு பண்றது நான். அதுக்குத்தானே வெளியே வந்தேன். வீரபத்திரன்கிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம். என் நேரம் என் கையில்.'

நாளைக்கு என்பது மறுநாளும் நாளைக்காகவே இருந்தது.

அடுப்பை எந்தப் பக்கம் கட்டுவது என்று கேட்க வீரபத்திரன் வந்தார். சாத்தையன் நெல் குதிருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவன் மனைவி செவ்வந்தி வாசலில் நின்று, "அவர் இல்லீங்களே" என்றாள். பூசணிக்காய் எத்தனை வாங்குவது என்று கேட்க மறுபடி வந்தார். மறுபடியும் குதிர். மூன்றாவது முறை அவர் போன பிறகு செவ்வந்தி உள்ளே வந்து குதிரைத் தட்டினாள்.

"வெளியே வாங்க. எஜமான் போயிட்டார்."

அவன் தலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டபடி வந்தான்.

"அரண்மனையில இருந்தப்போ புளி தூக்கல்னு திட்டு வாங்கினீங்க. ஆனா ஒளிஞ்சதில்லை" என்றாள் அவள். "பொய் சொல்றதுக்கு என்னை வாசல்ல நிறுத்தினதும் இல்லை."

அதற்குப் பிறகு அவன் பாய்க்காரத் தெரு வழியாகப் போவதை நிறுத்தினான். மடத்து வாசலோ அந்தத் தெரு முடிகிற இடத்தில் இருந்தது. அதனால் ஏரிக்கரையைச் சுற்றி, கருவேலங்காட்டில் புகுந்து, மடத்துக்குக் கொல்லைப்பக்கம் வந்து, வேலியில் ஆடு நுழைகிற ஓட்டை ஒன்றில் குனிந்து நுழைந்து போய்வந்தான். அம்மை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அன்றைக்கும் சாத்தையன் வேலி ஓட்டையில் நுழைந்தான். சட்டையில்லாத முதுகில் முள் கீறியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மையின் முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னான். பாய்க்கார வீட்டு வெற்றிலை, உப்பு மண்டி வீட்டு வெற்றிலை, குதிர், செவ்வந்தி, எல்லாம். மணியக்காரர் முதல் பந்தியில் உட்காரப் போவதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

"தாயே, ஒண்ணு கேட்கணும். எனக்கு ஒரு எஜமான் இருந்தார். அவரை விட்டு வந்தாச்சு. அப்புறம் ஏன் நான் திருடன் மாதிரி வேலியில நுழையறேன்? இப்ப எனக்கு எஜமான் யார்?"

அம்மை எழுந்தாள்.

"கொள்ளு வேகவெச்சிருக்கேன். ரசம் வைங்க அண்ணே. அப்புறம் பேசலாம்."

அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் அவனுக்கு வேறெதுவும் தெரியாது. மிளகை இடித்தான். தணலில் பூண்டைப் போட்டான். அம்மை எங்கேயோ போய், கொஞ்ச நேரம் கழித்துக் கையில் மண்ணோடு வந்தாள். கிணற்றில் நீர் இறைத்துக் கழுவிக்கொண்டாள்.

ரசத்தை இறக்கிப் பூண்டை நசுக்கிப் போடும்போது, வாசலில் குரல் கேட்டது.

"தாயே!"

வீரபத்திரன்.

சாத்தையனுக்குக் கை நின்றுபோனது. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். குதிர்கூட இல்லை.

"வாங்க வாங்க. வெயில்ல வர்றீங்களே" என்றாள் அம்மை.

"பாய் இன்னிக்குத் தர்றேன்னு சொல்லியிருந்தேனே." பாய்ச்சுருளை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது.

"கல்யாண வேலையில இதுக்கு எங்கே நேரம்? அப்புறம் தந்திருக்கலாமே."

"சொல்லிட்டேனே தாயே. அதோட, நேர்ல வந்து ஒரு வார்த்தை கூப்பிடணுமில்ல. நீங்க அவசியம் வரணும். வழியில நிக்கிற புளியமரத்தைக்கூடக் கூப்பிட்டுட்டுத்தான் வர்றேன்." அவர் சிரித்தார். "சமையல் யார்னு கேளுங்க."

"யாரு?"

"சாத்தையன்!" அந்தப் பேரை அவர் சொன்ன விதத்தில் ஒரு மேளச் சத்தம் இருந்தது. "அரண்மனையில சமைச்ச கை. எங்க வீட்டுக் கிழிஞ்ச பாயில உட்கார்ந்து ரசம் வெச்சுக் கொடுத்தார், தாயே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்களை ஒரு மாதிரிதான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. சமையலுக்கு யாருன்னு சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. பூவாயி தினம் கேட்கிறா, அவர் வந்துட்டாரா, அவர் வந்துட்டாரான்னு. கட்டிக்கப்போறவனைக்கூட அப்படிக் கேட்கலை."

"பேசினீங்களா அவர்கிட்ட?"

"எங்கே! போறப்பல்லாம் அவர் வீட்டில இல்லை. இருக்க முடியுமா? நானும் தனித் தொழில்காரன்தானே, எனக்குத் தெரியாதா? வீட்டிலயே உட்கார்ந்து முடையறதைப் பார்த்துட்டு என்னைச் சும்மா இருக்கான்னுதான் சொல்றாங்க. அவருக்கு எத்தனை வீடு, எத்தனை அலைச்சலோ. பாவம், அந்தம்மா மூணு தடவையும் முகம் சுண்டிப்போய்ப் பதில் சொல்றாங்க. நான்தான் சும்மா சும்மா போய்த் தொந்தரவு பண்றேன்."

சாத்தையன் கண்ணை மூடிக்கொண்டான். மூடினால் மட்டும் காது கேட்காமல் போய்விடுமா?

"ஊர் வாய் இருக்கே தாயே, அது சும்மா இருக்காது. சந்தையில ஒருத்தன் சொல்றான், அதே நாள் உப்பு மண்டி வீட்டிலயும் சாத்தையன்தான் சமைக்கிறாராம். வாயை அளந்து பேசுடான்னேன். வெற்றிலை எடுத்த மனுஷனைப் பத்தி என் முன்னால பேசாதேன்னேன். பேச்சு முத்தி, கீழே தள்ளிவிட்டுட்டான். இங்கே பாருங்க, முழங்கை."

"ஐயோ, நல்லா சிராய்ச்சிருக்கே."

"போகட்டும். பந்தியில ஒரு கை அதிகமா ரசம் ஊத்திக்கிட்டா ஆறிடும்."

அம்மை அடுக்களைப் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போங்க. சோறும் ரசமும்தான்."

சாத்தையன் திடுக்கிட்டு ரசப் பாத்திரத்தைப் பார்த்தான். பூண்டு மிதந்துகொண்டிருந்தது. அம்மை உள்ளே வந்தாள். அவன் இரண்டு கையையும் கூப்பினான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் அவனைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தாள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இலை போடுகிற சத்தம். தண்ணீர் தெளிக்கிற சத்தம். ரசம் ஊற்றுகிற சத்தம்.

வீரபத்திரன் பேசிக்கொண்டே பிசைந்தார். பந்தல்காரன் மூங்கில் குறைத்துக் கொண்டுவந்த கதை. முதல் கவளத்தை வாயில் போட்டார்.

பேச்சு நின்றது.

வெகு நேரம் எந்தச் சத்தமும் இல்லை. தோட்டத்தில் ஒரு காகம் கத்திவிட்டுப் போனது. சுவருக்கு இந்தப் பக்கம் சாத்தையன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அவர் எழுந்து வந்து சட்டென்று கதவைத் தள்ளிவிட்டால் தேவலை என்று இருந்தது. நாலு வார்த்தை கேட்டுவிட்டால் தேவலை. மணியக்காரர் மாதிரி எதையாவது எடுத்து எறிந்தால்கூடப் போதும்.

அவர் எழுந்து வரவில்லை. மறுபடி சாப்பிடுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இலையை மூடினார். கை கழுவினார்.

"தாயே" என்றார். குரல் அடியில் எங்கேயோ இருந்தது. "உள்ளே இருக்கிறவர் சாப்பிட்டாரா?"

"இன்னும் இல்லை."

"சாப்பிடச் சொல்லுங்க."

அவ்வளவுதான். வாசல்படி இறங்குகிற சத்தம் கேட்டது. வந்தபோது கேட்ட நடை இல்லை அது.

சாத்தையன் சுவரை விட்டு வெளியே வந்தான். அம்மை கூடத்தில் இன்னொரு இலை போட்டுச் சோறு வைத்து, ரசம் ஊற்றினாள்.

"சாப்பிடுங்க அண்ணே. சொல்லிட்டுப் போனார்."

உட்கார்ந்தான். ஒரு கவளம் எடுத்தான். அவன் வைத்த ரசம், ஊர் மூக்கை உயர்த்துகிற ரசம், வாய்வரை வரவில்லை. பக்கத்தில் பாய்ச்சுருள் இருந்தது. புதுக்கோரை வாசம் அடித்தது. கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

"நான் வர்றேன் தாயே."

கொல்லைப்பக்கம் போனான். வேலியில் ஓட்டை இல்லை. அந்த இடத்தில் கருவேலமுள் கட்டாக வைத்து அடைத்து, அடியில் ஈரமண்ணைக் கொட்டி மிதித்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். திரும்பி வந்தான்.

"வழியை அடைச்சிருக்கே?"

"ஆடு நுழையுது அண்ணே."

"எப்ப அடைச்சீங்க?"

"நீங்க ரசம் வைக்கிறப்போ."

சாத்தையன் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகம் அழுகிறவன் முகமாகவும் இல்லை, அழாதவன் முகமாகவும் இல்லை.

"தாயே, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை."

"என்ன கேட்டீங்க?"

"அரண்மனையை விட்டு வந்தவனுக்கு எஜமான் யாருன்னு கேட்டேன்."

அம்மை வீரபத்திரன் சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"இன்னிக்கு இங்கே வர்றதுக்கு எந்தத் தெருவை விட்டுட்டுச் சுத்திக்கிட்டு வந்தீங்க அண்ணே?"

சாத்தையன் தூணிலிருந்து கையை எடுத்தான்.

கிணற்றடியில் அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. அங்கே போய், நல்ல இலைகளாகப் பார்த்துப் பறித்தான். உப்பு மண்டி வீட்டு வாசலில் நின்று திருப்பிக் கொடுக்க. துண்டின் முனையில் வைக்கப் போனவன், வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான், பார்க்கிறவர்கள் பார்க்கும்படி. உப்பு மண்டிக்குப் பாய்க்காரத் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

வாசல் வழியாக இறங்கினான். வெயில் நேராக முகத்தில் அடித்தது. தூரத்தில், தெரு முனையில், இத்தனை நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த வீரபத்திரன் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார். முழங்கையை மற்றக் கையால் பிடித்திருந்தார்.

எதிரே மாடசாமி எருமையை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன சாத்தையா, உச்சி வெயில்ல இப்படி வேகமாப் போறே? உனக்கென்னப்பா, கேட்க ஆள் இல்லாதவன்!"

சாத்தையன் அவரைத் தாண்டிப் போனான். "ஐயா!" என்று முன்னால் போகிறவரைக் கூப்பிட்டான். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டி நடந்து, பாய்க்காரத் தெருவுக்குள் திரும்பினான்.